எலிக்கு ஏசி

மே மாதம், இரவு பதினொன்றே கால். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருக்கும் சித்தி வீட்டில் கரண்ட் போனது. வெயில் காலத்தில் அந்தப் பக்கம் கரண்ட் போவதெல்லாம் செய்தியே இல்லை. பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார்கள். யாராவது ஒருத்தர் ஈபி ஆபீசுக்குப் போன் போடுவார், எங்கேஜ்டு என்று வரும், அவ்வளவுதான். அன்றைக்கு நடந்தது வேறு. சித்தி ஃப்ரீசரைத் திறந்து, உறைய வைத்திருந்த நாலு தண்ணீர் பாட்டில்களை எடுத்தாள். சித்தப்பா அவற்றை டர்க்கி டவலில் சுற்றிக் கொடுத்தார். சித்தி மகள் செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு பெரிய கூண்டுக்குள் பாட்டில்களை அடுக்கினாள். உள்ளே ஒரு கிரானைட் துண்டின் மேல் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு, முயல் மாதிரியும் இல்லாமல் எலி மாதிரியும் இல்லாமல் சாம்பல் நிறத்தில் ஒன்று படுத்திருந்தது.

"இன்வெர்ட்டர் ஃபேன் இழுக்கும், ஏசி இழுக்காதுமா" என்றார் சித்தப்பா. ஆவடி டாங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். "இது நம்ம டாங்க் இன்ஜின் மாதிரி. கூலிங் போச்சுன்னா அவ்ளோதான், சீஸ் ஆயிடும்."

மாடிப்படியில் பாயோடு நின்றுகொண்டிருந்த ஆயா சொன்னாள்: "எலிக்கு ஏசி போட்டுட்டு மனுசங்க மாடியில படுக்கறோம். இன்னா கலியுகம்டி இது."

அந்த எலியின் பெயர் சிஞ்சில்லா. ஆயாவின் வாயில் அது நுழையாமல் 'ஜில்லு' ஆகிவிட்டது. தங்கையோடு வேலை பார்த்த ஒருவர் ஜோடியாக வாங்கியது. முதல் கோடையிலேயே பெண் செத்துப்போனது. அவர் கனடாவுக்குக் கிளம்பும்போது ஆணை என்ன செய்வதென்று தெரியாமல் ஆபீஸ் குரூப்பில் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. இவள் எடுத்துக்கொண்டாள். கூண்டுக்கு மட்டும் காசு கொடுத்தாள்.

இப்போது பிரச்சினை வேறு. சிஞ்சில்லா தனியாக வாழ்கிற விலங்கு இல்லை. மலையில் கூட்டம் கூட்டமாக இருப்பது. பழைய ஓனருக்கு விற்ற அதே ஆள், துணைக்கு ஒரு பெண் பாதி விலையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "அதுவும் பாவம்க்கா, அவர்கிட்ட சின்ன டப்பாவுல கிடக்குது. வாங்கிட்டா ரெண்டையும் காப்பாத்தின மாதிரிதானே?" என்று அன்றைக்கு இருட்டில் கேட்டாள். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. ஆனால் இந்த விலங்கின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்தக் கேள்வியால்தான்.

*

தென் அமெரிக்காவின் மேற்கு ஓரம், ஆண்டீஸ் மலைத்தொடர். சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா ஆகிய நாலு நாடுகளின் பாறைச் சரிவுகளில் சிஞ்சில்லாக்கள் இருந்தன. பெருவின் கடற்கரையில் வாழ்ந்த சிஞ்சா மக்களின் பெயரிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வதுண்டு. ஸ்பானியப் பாதிரியார் ஹோசே தெ அகோஸ்டா 1590இல் வெளியிட்ட நூலிலேயே இதன் மென்மையான தோலைப் பற்றிப் பேசிவிட்டார். 1782இல் சிலி நாட்டு அறிஞர் ஹுவான் இக்னாசியோ மோலினா இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். ஐரோப்பியருக்கு இந்த விலங்கைவிட முதலில் அறிமுகமானது அதன் தோல்தான்.

அப்படி என்ன தோல்? நம் தலையில் ஒரு வேர்த்துளையிலிருந்து ஒன்றோ இரண்டோ மூன்றோ முடி வரும். சிஞ்சில்லாவுக்கு ஒரே துளையிலிருந்து ஐம்பது அறுபது. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் இவ்வளவு அடர்த்தியான ரோமம் வேறு எதற்கும் இல்லை என்கிறார்கள். தண்ணீரில் நனைந்தால் லேசில் காயாது. அதனால் இது தண்ணீரில் குளிக்காது. எரிமலைச் சாம்பல் மாதிரியான நைஸ் தூளில் புரண்டு எழும். வியர்க்கவும் வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற இருக்கும் முக்கியமான வழி, அந்தப் பெரிய காதுகள்தான். 16லிருந்து 20 டிகிரி வரை இதற்குச் சுகம். 27, 28 தாண்டினால் ஹீட் ஸ்ட்ரோக். காது சிவந்தால் ஆபத்து என்று அர்த்தம். அன்று ராத்திரி தங்கை பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் டார்ச் அடித்துப் பார்த்தது காதைத்தான்.

ஆண்டீஸ் என்றதும் எந்நேரமும் பனி கொட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சிலியில் இன்று சிஞ்சில்லா மிஞ்சியிருக்கும் இயாபெல் பகுதி கள்ளியும் முள்ளும் வளர்கிற வறண்ட மலை. பகலில் அங்கேயும் நல்ல வெயில். ஆனால் சிஞ்சில்லா பகலில் வெளியே வருவதில்லை. பாறைப் பிளவின் குளிர்ச்சிக்குள் தூங்கும். பொழுது சாய்ந்து, காற்று குளிர்ந்த பிறகே புல்லும் பட்டையும் தேடி வரும். இதற்கு வேண்டியது ஒரு பிளவும் காய்ந்த காற்றும்தான். அம்பத்தூரில் அது இரண்டும் கிடையாது. அந்தப் பிளவுக்குப் பதிலாகத்தான் ஏசி ஓடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிஞ்சில்லா மேலங்கி மோகம் ஏறியது. விலங்கு உள்ளங்கை இரண்டில் அடங்கும் அளவு. ஒரு முழு மேலங்கிக்கு நூற்றுக்கும் மேல் தோல் வேண்டும். சிலியின் கொகிம்போ போன்ற துறைமுகங்களிலிருந்து லட்சக்கணக்கில் தோல் கப்பலேறியது. நாய்களை விட்டுப் பிடித்தார்கள், புதருக்குத் தீ வைத்தார்கள், பிளவுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெடியில் செத்ததில் பாதித் தோல் எதற்கும் உதவாது என்பது வைத்தவர்களுக்கும் தெரியும்.

1910இல் நாலு நாடுகளும் சேர்ந்து வேட்டைக்குத் தடை போட்டன. தடை வந்ததும் தோல் விலை எகிறியது. விலை எகிறியதும் திருட்டு வேட்டை கூடியது. 1929இல் சிலி தனியாக இன்னொரு சட்டம் கொண்டுவந்தபோது காப்பாற்ற அதிகம் மிச்சமில்லை. காட்டில் இது அழிந்தே போனது என்று பலரும் நினைத்தார்கள். 1970களில்தான் இயாபெல் பக்கத்து மலைகளில் சில கூட்டங்கள் தப்பியிருப்பது தெரிந்தது. 1983இல் அங்கே அவற்றுக்கென்றே ஒரு காப்பகம் உருவானது.

*

அப்படியானால் ஜில்லுவின் பாட்டன் எந்த மலை? எந்த மலையும் இல்லை. இங்கே மத்தியாஸ் சாப்மன் வருகிறார்.

சாப்மன் சிலியின் பொத்ரெரில்லோஸ் தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர். 1918இல் உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு சிஞ்சில்லாவைப் பிடித்துக்கொண்டுவந்து அவரிடம் விற்றார். சாப்மனுக்கு ஆசை பிறந்தது. ஆட்களை அமர்த்தி மலை மலையாகத் தேடவிட்டார். சில வருஷம் தேடியும் ஒரு டஜன் அளவுக்குத்தான் கிடைத்தது. பிடித்ததை ஒரேயடியாகக் கீழே இறக்கினால் செத்துவிடும் என்று மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் குறைத்துக் கொண்டுவந்தார். கப்பலில் கூண்டுகளுக்கு ஐஸ் வைத்துக் குளிரூட்டினார். 1923 பிப்ரவரியில் 11 சிஞ்சில்லாக்கள் கலிபோர்னியா போய் இறங்கின. அதில் பெண் மூன்றே மூன்று. இன்று அமெரிக்க வீடுகளில் வளரும் சிஞ்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தின் வாரிசுகள்.

இதை ஒரு மீட்புக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. சாப்மன் இல்லையென்றால் இனமே அழிந்திருக்கும் என்பார்கள். ஆனால் அவர் ஆரம்பித்தது ரோமப் பண்ணை. மலையில் வேட்டையாடியதைக் கூண்டில் வளர்த்து உரிக்கலாம் என்பதுதான் திட்டம். அது நன்றாகவே நடந்தது. பண்ணையில் பெருகியவை பிறகு செல்லப்பிராணிக் கடைக்கும் வந்தன. காட்டுக்கு மட்டும் திரும்பவில்லை. பண்ணைச் சிஞ்சில்லாவைத் திரும்ப மலையில் விட்டுப் பார்த்த முயற்சிகள் கைகொடுக்கவில்லை. ஜில்லுவை நாளைக்கே விமானம் வைத்துச் சிலிக்கு அனுப்பினாலும் அது போகக்கூடிய இடம் அங்கே இல்லை.

*

சாப்மனின் ஐஸைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்தது. மெட்ராஸும் கப்பலில் குளிரை இறக்குமதி செய்த ஊர்தான். பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர் ஏரியில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். 1842இல் மெராஸ் கடற்கரையிலும் அதைச் சேமிக்க ஒரு கட்டடம் எழும்பியது. இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயர் இன்னும் அந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. நம் ஆட்கள் இளநீரும் மோரும் குடித்துக்கொண்டிருக்க, குளிர்தேசத்திலிருந்து வந்த துரைமார்களின் கிளாசுக்காக அந்த ஐஸ் வந்தது. வெயில் அதிகமானால் அவர்கள் ஊட்டிக்குப் போய்விட்டார்கள். பூந்தமல்லிப் பட்டாளத்தில் கிடந்த சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்கு ஊட்டியும் இல்லை, ஐஸும் இல்லை. கட்டளைக்குக் கப்பலேறி வந்து வெந்தவன் அவன். கூண்டில் வருகிற விலங்குக்கு அந்தக் கட்டளைகூட இல்லை.

வெளியூர் விலங்கு நமக்குப் புதிதும் இல்லை. 1855இல் எழும்பூர் மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் ஒரு விலங்குக்காட்சி ஆரம்பித்தார். கர்நாடக நவாப் தன்னிடமிருந்த விலங்குகளைக் கொடுத்தார். பிறகு அது சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. பக்கத்திலேயே 1900இல் மூர் மார்க்கெட் திறந்தது. பழைய புத்தகத்துக்குப் பெயர் போன அதே மார்க்கெட்டில் கிளி, புறா, முயல் எல்லாம் விற்றார்கள். ஆயா கல்யாணமாகி அம்பத்தூர் வந்த புதிதில் தாத்தா வாங்கிக்கொடுத்த பச்சைக்கிளி மூர் மார்க்கெட் கிளிதான். "ரெக்கைய வெட்டித்தான் குடுத்தான். பதினோரு வருஷம் இருந்துச்சி. ஒரு நாள்கூட பறக்கல" என்பாள். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. அதே வருஷம் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறந்தது. விலங்கு வியாபாரம் மட்டும் எரியவில்லை. பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, கொளத்தூர் மீன் கடைகள் என்று பிரிந்து வளர்ந்தது.

சிஞ்சில்லா மாதிரி விலங்குகள் இங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு சட்டத்தின் கதை இருக்கிறது. 1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டு விலங்குகளைக் காத்தது. 1990-91 வாக்கில் நம் நாட்டுப் பறவைகளை விற்பதும் முழுக்கத் தடையானது. சரியான சட்டங்கள். ஆனால் வெளிநாட்டு விலங்கைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை. பச்சைக்கிளி வைத்திருந்தால் கேஸ். ஆஸ்திரேலியாக் காக்கடீல் வைத்திருந்தால் ஒன்றுமில்லை. வியாபாரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. சுகர் கிளைடர், இகுவானா, பால் பைத்தான் என்று பட்டியல் நீண்டது. கடத்திக் கொண்டுவந்தால் கஸ்டம்ஸ் பிடிக்கும். விமான நிலைய வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டால் கேட்க ஆள் குறைவு.

விமான நிலையத்தில் பிடிபட்டது செய்திகளில் வரும். 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் ஒரு மாதச் சிறுத்தைக்குட்டி. அதை வண்டலூருக்கு அனுப்பினார்கள். 2022 ஜூனில் பாங்காக் விமான நிலையத்தில் சென்னை விமானத்துக்குக் காத்திருந்த இரண்டு பெண்களின் பெட்டிகளில் 109 உயிர்கள்: வெள்ளை முள்ளம்பன்றி 2, ஆர்மடில்லோ 2, ஆமை 35, பல்லி வகை 50, பாம்பு 20. ஆர்மடில்லோவும் தென் அமெரிக்கப் பிராணிதான். இப்படிப் பிடிபடுவதில் பலவற்றை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பிப் போய் இறங்குவது அதன் காட்டில் அல்ல, இன்னொரு விமான நிலையத்தில்.

அரசு மெதுவாக விழித்தது. 2017 ஜனவரியில் மிங்க், நரி, சிஞ்சில்லா ரோமத் தோல்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. செத்த சிஞ்சில்லாவுக்கு நம் நாட்டுக் கதவு அன்றைக்கு மூடியது. உயிருள்ளதற்கு இன்னும் நாளானது. 2020 ஜூனில், வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தானாக முன்வந்து சொன்னால் காகிதம் கேட்க மாட்டோம் என்றது சுற்றுச்சூழல் அமைச்சகம். 2022இல் திருத்திய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்பாட்டின் பட்டியல் முதல்முறையாக நம் சட்டத்துக்குள் நுழைந்தது. 2024இல் அதற்கான பதிவு விதிகளும் வந்தன.

சைட்டீஸில் காட்டுச் சிஞ்சில்லாவுக்கு உச்சக் காவல். பண்ணை வகைக்கு விலக்கு. ஜில்லு பண்ணை வகைதான் என்று யாருமே சொல்வார்கள். ஆனால் தங்கையிடம் இருக்கும் ஒரே ஆவணம் கையால் எழுதிய ஒரு பில். அதில் 'பெட் அனிமல் - 2' என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பண்ணை, எந்த ஊர், எப்படி வந்தது, எதுவும் இல்லை. அவள் அந்தப் பில்லின் நகலை இணைத்து வனத்துறைக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள்.

*

இப்போது அவளுடைய கேள்விக்கு வரலாம். டப்பாவில் கிடக்கும் பெண் சிஞ்சில்லாவைக் காசு கொடுத்து வாங்குவது காப்பாற்றுவதா?

காசு கொடுத்துக் காப்பாற்றிய ஒரு சம்பவம் உண்டு. 2014இல் கலிபோர்னியாவின் விஸ்டா என்ற ஊரில் ஒரு சிஞ்சில்லாப் பண்ணையை விலங்கு ஆர்வலர்கள் விலைக்கு வாங்கினார்கள். தொலைக்காட்சிப் பிரபலம் பாப் பார்க்கர் பணம் கொடுத்து உதவினார். நானூறுக்கும் மேற்பட்ட சிஞ்சில்லாக்கள் வெளியே வந்து, தத்துக்குப் போயின. அங்கே காசு கைமாறியதும் பண்ணை மூடியது. இங்கே நம் ஆளிடம் காசு கைமாறினால் அடுத்த டப்பா வரும். பாவம் பார்த்து வாங்குகிற ஒவ்வொருவரும் வியாபாரிக்கு இன்னொரு கஸ்டமர். தாத்தா வாங்கியதால் ஒரு கிளி கூண்டு மாறியது. மூர் மார்க்கெட்காரர் இன்னொரு கிளியின் இறக்கையை வெட்டினார்.

நம்ம ஊரில் மீட்பு என்ற சொல்லுக்கு ஒரு நல்ல ஆரம்பம் இருக்கிறது. 1959இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் வீட்டுக்கு எடுத்துவந்ததிலிருந்து புளூ கிராஸ் பிறந்தது. தெருநாயின் ஊர் இதே தெரு. காயம் ஆறினால் எழுந்து நடக்கும், வெயிலையும் மழையையும் தாங்கும். மீட்பவர் அதற்கு உயிரைத் திருப்பிக் கொடுத்தால் போதும். சிஞ்சில்லாவுக்கு உயிரோடு சேர்த்து ஒரு தட்பவெப்பத்தையும் கொடுக்க வேண்டும். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருஷத்துக்கு மேலேயும் இருக்கும். தங்கைக்கு இப்போது இருபத்தேழு.

இந்தப் பக்கத்தில் பதினைந்து வருஷம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்தது. 2016 டிசம்பரில் வர்தா வந்து மரத்தையும் கம்பத்தையும் சாய்த்துவிட்டு நாள்கணக்கில் இருட்டில் போட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம். அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது. ஏசி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் ரேட்டே வேறு. சாப்பாட்டுக்குத் திமோதி என்ற காய்ந்த புல்; ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். புல்லைக் கடித்துக்கொண்டே இருக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க வளர்கிற பல் வாய்க்குள் குத்தும். ஆயா பாசத்தில் போடும் பொட்டுக்கடலையும் திராட்சையும் அதற்கு ஆகாது. நாய், பூனை பார்க்கிற டாக்டர் தெருவுக்குத் தெரு உண்டு. இதைப் பார்த்துப் பழகியவரைத் தேடித்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் நான் அவளிடம் சொன்னபோது, "அப்போ நான் இதை எடுத்ததே தப்பா?" என்று கேட்டாள்.

தப்பில்லை. அன்றைக்கு அவள் எடுக்காவிட்டால் இன்னொரு கை மாறியிருக்கும், அல்லது கூண்டிலேயே வெந்திருக்கும். அவளால் எந்தக் கடைக்காரருக்கும் லாபம் போகவில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட ஒன்றை அதன் கடைசி நாள் வரை பார்த்துக்கொள்வது ஒரு காரியம்; இன்னொன்று வரக் காரணமாவது வேறு காரியம். ஆணோடு பெண்ணைச் சேர்த்தால் குட்டி வரும். 111 நாள் கர்ப்பம். பிறக்கும்போதே முழு ரோமத்தோடு, கண் திறந்தபடி, பார்த்தவர் மனசை அள்ளுகிற மாதிரி. ரீல்ஸ் போட்டால் லைக் குவியும். அதில் நாலு பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். ஜில்லுவின் வீடியோ எதையும் இனிமேல் போடுவதில்லை என்று அவளாகவே முடிவெடுத்தாள்.

தனிமைக்கு என்ன வழி? இவளைப் போலவே யாரோ விட்டுச்சென்றதை வைத்துக்கொண்டு தவிப்பவர் யாராவது இருந்தால் கொண்டுவரட்டும், ஆணாக இருந்தால் நல்லது, பழக்கிப் பார்க்கலாம் என்று நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த வியாபாரிக்கு வேண்டாம் என்று மெசேஜ் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவில் இருக்கும் அந்தப் பெண் சிஞ்சில்லாவை என்ன சொல்லிச் சமாதானம் செய்தாலும் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியவில்லை. எனக்கும்தான்.

*

அன்று ராத்திரி கரண்ட் வந்தபோது மணி ஒன்று நாற்பது. ஏசி 'டிங்' என்றது. சித்தப்பா கூண்டில் தொங்கவிட்ட தெர்மாமீட்டரைப் பார்த்து, 26.5 என்று ஒரு பழைய டைரியில் எழுதினார். ஃபேக்டரியில் இன்ஜின் டெஸ்ட்டுக்கு ரீடிங் எழுதிய கை. தேதி, நேரம் எல்லாம் போட்டு எழுதுவார். அரை மணி கழித்து 23. ஜில்லு கிரானைட்டை விட்டு எழுந்து, தூள் கிண்ணத்துக்குள் இறங்கி ஒரு புரளு புரண்டு, புல் ஒன்றை இரண்டு கையிலும் பிடித்துக் கடிக்க ஆரம்பித்தது.

மாடியிலிருந்து ஆயா பாயோடு இறங்கி வந்தாள். கூண்டுக்குப் பக்கத்திலேயே விரித்தாள்.

"கொசு கடிக்குது அங்க" என்றாள். பிறகு கூண்டைப் பார்த்து, "கெளிக்கு இத்தினி செய்யலடி நாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.